குடிக்க நின்றாரா, குடியை நிறுத்தினாரா?

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடி அறையில் சாயங்கால வேளைகளில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். சிப்காட் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள், பார்க்க நினைப்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று கலவையாக வருவார்கள். முதல் வாரத்தில் வீட்டைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதிவந்து படிக்கச் சொல்வது வழக்கம். அப்படி ஒருநாள் ஒரு பெண் எழுந்து, நோட்டைப் பார்க்காமலேயே சொன்னாள்: “மை ஃபாதர் ஸ்டாப்ட் டு டிரிங்க். வி ஆர் ஆல் ஹேப்பி.”

யாரும் சிரிக்கவில்லை. அப்பா குடியை விட்டுவிட்டார், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி என்று அவள் சொல்ல வந்தது வகுப்பில் எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் அவள் வாயிலிருந்து வந்த இங்கிலீஷ் அதைச் சொல்லவில்லை. “அப்பா போகிற வழியில் குடிக்க நின்றார், எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம்” என்றுதான் சொன்னது.

‘ஸ்டாப்’ என்றால் நிறுத்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்ததற்கு ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். தெரிந்த சொல்தானே என்று யாரும் இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனாலேயே பட்டம் வாங்கியவர்களும் இதில் இடறுகிறார்கள்.

முதலில் ஒரு பஸ்

கடலூர் பஸ் ஸ்டாண்டில் புதுச்சேரி பஸ் ஏறுங்கள். கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் பஸ் நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். விசில் கையில் இல்லாதவர் ‘ஹோல்டான்’ என்று ஒரு குரல் கொடுப்பார். அந்த ஒற்றை விசிலுக்குள் இரண்டு காரியம் இருக்கிறது. டிரைவர் பஸ்ஸை நிறுத்துகிறார், பஸ் நிற்கிறது.

தமிழ் இதற்கு இரண்டு சொல் வைத்திருக்கிறது. ஒன்று தானே செய்வது: நின்றது. பள்ளிக்கூட இலக்கணத்தில் இதற்குத் தன்வினை என்று பெயர். இன்னொன்று, மற்றொன்றைச் செய்யவைப்பது: நிறுத்தினார். இது பிறவினை. சொல்லைக் கேட்டவுடனேயே எது என்று தெரிந்துவிடும்.

இங்கிலீஷுக்கு அந்த வசதி இல்லை. ‘த பஸ் ஸ்டாப்ட்’ என்றால் பஸ் நின்றது. ‘த டிரைவர் ஸ்டாப்ட் த பஸ்’ என்றால் டிரைவர் பஸ்ஸை நிறுத்தினார். இரண்டிலும் அதே ‘ஸ்டாப்ட்’தான். அப்படியானால் வித்தியாசத்தை எங்கே கண்டுபிடிப்பது? அந்தச் சொல்லுக்குப் பின்னால். பின்னால் ஒன்றும் இல்லையென்றால் ‘நில்’. பின்னால் ஒரு பொருளோ ஆளோ வந்தால் ‘நிறுத்து’.

போகிற போக்கில் இரண்டு சின்ன விஷயம். ‘ஸ்டாப்பெட்’ என்று மூச்சுப்பிடித்துச் சொல்ல வேண்டாம். எழுத்து நீளமாக இருந்தாலும் உச்சரிப்பு ‘ஸ்டாப்ட்’ என்று ஒரே வெட்டுதான். அப்புறம், நாம் பஸ் நிற்கும் இடத்தை ‘ஸ்டாப்பிங்’ என்கிறோமே, அது நம் ஊர்ச் சரக்கு. வெளியூரில் இங்கிலீஷில் கேட்கும்போது ‘பஸ் ஸ்டாப்’ போதும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ‘ஸ்டாப்’ தனியாக அர்த்தம் தராது, அதன் பின்னால் வருவதைப் பார்க்க வேண்டும்.

ஓட்டையை அடைத்த சொல்

இந்தச் சொல்லின் பூர்வீகம் தெரிந்தால் மீதி சுலபமாகிவிடும். இங்கிலீஷில் ‘ஸ்டாப்’ முதலில் நிற்பதைக் குறிக்கவில்லை, அடைப்பதைக் குறித்தது. லத்தீனில் ‘ஸ்டுப்பா’ என்றால் நாரிலிருந்து நூல் எடுத்தபின் மிஞ்சும் முரட்டுச் சிம்பு. அந்தச் சிம்பைத் திணித்து ஓட்டையை அடைப்பதிலிருந்து வந்த சொல் இது. பாட்டில் வாயை அடைக்கும் மூடிக்கு இன்றும் ‘ஸ்டாப்பர்’ என்றுதான் பெயர்.

கடற்கரைக்காரர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. மரப்படகுக்குக் கலப்பத்து போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பலகைக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள இடுக்கில் பருத்தித் திரியை வைத்து, மழுங்கின உளியும் சுத்தியுமாகத் தட்டித் தட்டி உள்ளே இறக்குவார்கள். திரி இறுகியதும் அதன்மேல் பூச்சு. தண்ணீர் கசிகிற இடம் அடைபட்டுப்போகும். ‘ஸ்டாப்’ என்ற சொல் பிறந்த இடம் கிட்டத்தட்ட இந்த வேலைதான்.

ஆக அந்தச் சொல்லுக்குள் ஒரு படம் ஒளிந்திருக்கிறது: ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் வாயை அடைக்கிறோம். ஓடுவது தண்ணீராக இருக்கலாம், பஸ்ஸாக இருக்கலாம், தினமும் தொடர்கிற ஒரு பழக்கமாக இருக்கலாம். ‘ஸ்டாப்’ வரும் இடத்திலெல்லாம் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: எது ஓடிக்கொண்டிருந்தது, எது நின்றது? இனி வரும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு கேள்வி போதும்.

முள்ளோடையில் இரண்டு பேர்

கடலூரிலிருந்து புதுச்சேரிச் சாலையில் போகிறவர்களுக்கு முள்ளோடை தெரியாமல் இருக்காது. தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி ஆரம்பிக்கும் இடம். எல்லை தாண்டியதும் பிராந்திக் கடைகளின் போர்டுகள் வரவேற்கும். அங்கே இரண்டு பேர் பைக்கில் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் ஆள் கடையைப் பார்த்ததும் பிரேக் பிடிக்கிறார், ஸ்டாண்டு போடுகிறார், உள்ளே போகிறார். ‘ஹி ஸ்டாப்ட் டு டிரிங்க்.’ எது நின்றது? பைக். எதற்காக நின்றது? குடிக்க.

இரண்டாம் ஆள் ஆறு மாதத்துக்கு முன்வரை அதே கடையில் வாடிக்கை. இப்போது அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் என்று போய்க்கொண்டே இருக்கிறார். ‘ஹி ஸ்டாப்ட் டிரிங்கிங்.’ எது நின்றது? குடி. பைக் நிற்கவே இல்லை.

‘டு’ ஒன்று நுழைந்ததும் நிற்கிற பொருளே மாறிவிட்டது, பாருங்கள். ‘டு’ வந்தால் அது காரணம் சொல்கிறது: எதற்காக நின்றார் என்று. வினைச்சொல்லின் வாலில் ‘இங்’ வந்தால் அதுவே நின்றுபோன சமாச்சாரம்.

இங்கிலீஷ் இலக்கணப் புத்தகங்கள் ‘டு டிரிங்க்’ என்ற வடிவத்தை இன்ஃபினிட்டிவ் என்றும், ‘டிரிங்கிங்’ என்ற வடிவத்தை ஜெரண்ட் என்றும் சொல்லும். ஜெரண்ட் என்பது வேறொன்றுமில்லை, நம் தொழிற்பெயர்தான்: ஒரு செயலைப் பெயராக்கி வைப்பது. குடித்தல், ஓடுதல், பேசுதல். இந்தப் பெயர்களை மறந்தாலும் பாதகமில்லை.

முதல் ஆள் விஷயத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்றால், அங்கேயும் ஒரு ‘இங்’ ஒளிந்திருக்கிறது. ‘ஹி ஸ்டாப்ட் ரைடிங் டு டிரிங்க்’ என்பதுதான் முழு வாக்கியம். ஓட்டிக்கொண்டிருந்தார், ஓட்டுவதை நிறுத்தினார், குடிப்பதற்காக. ஓட்டுவது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று ‘ரைடிங்’ விழுந்துவிட்டது. ‘ஸ்டாப்’ எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைத்தான் தேடுகிறது. அதைச் சொல்லாமல் விட்டால், அந்த நேரத்தில் கண்ணெதிரே ஓடுவதை எடுத்துக்கொள்கிறது.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது, தமிழிலும் இந்த வித்தியாசம் அப்படியே இருக்கிறது என்பதுதான். ‘குடிக்க நின்றார்’, ‘குடிப்பதை நிறுத்தினார்’. இந்த இரண்டையும் தமிழில் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ‘குடிக்க’ என்பது ‘டு டிரிங்க்’. ‘குடிப்பதை’ என்பது ‘டிரிங்கிங்’. மனசுக்குள் வருகிற தமிழை அப்படியே பின்தொடர்ந்தாலே வாக்கியம் சரியாக அமைந்துவிடும்.

பிறகு ஏன் தப்பு வருகிறது? பள்ளிக்கூடத்தில் ‘வான்ட் டு’, ‘டிரை டு’, ‘லைக் டு’ என்று மனப்பாடம் செய்த பழக்கம்தான். வினைக்குப் பின்னால் இன்னொரு வினை வந்தால் நடுவில் ‘டு’ போட்டுவிட நாக்கு பழகிவிட்டது. போதாக்குறைக்கு இதற்கு நேர் எதிரான ‘ஸ்டார்ட்’ எதைப் போட்டாலும் ஏற்றுக்கொள்ளும். ‘ஸ்டார்டட் டு டிரிங்க்’, ‘ஸ்டார்டட் டிரிங்கிங்’ இரண்டுக்கும் ஒரே அர்த்தம். ஆரம்பிப்பது எப்படியும் ஆரம்பிக்கலாம், நிறுத்துவதில்தான் கறார். என் வகுப்பில் இப்படிச் சொன்னால் மறப்பதில்லை.

டாக்டரிடம் பேசும்போது இது விளையாட்டில்லை. ஒரு மாதமாக மாத்திரை சாப்பிடவில்லை என்று சொல்ல நினைத்து, ‘ஐ ஸ்டாப்ட் டு டேக் த டேப்லட்’ என்றால், ‘மாத்திரை சாப்பிட வழியில் நின்றேன்’ என்று ஆகிவிடும். ‘ஐ ஸ்டாப்ட் டேக்கிங் த டேப்லட்’ என்று சொல்ல வேண்டும். தமிழ் தெரிந்த டாக்டர் என்றால் தமிழிலேயே சொல்லிவிடுங்கள், அதைவிட நல்லது வேறில்லை.

சுருக்கமாக: ‘டு’ வந்தால் வேறு ஏதோ நின்றது, இது காரணம். ‘இங்’ வந்தால் இதுவேதான் நின்றது.

வெள்ளமும் மணல் மூட்டையும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, அந்த ஊரில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அடுத்த இரண்டு மூன்று நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் கரை புரண்டு கடலூர்ப் பக்கம் ஊருக்குள் வந்தது. அந்த வாரம் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி ‘மழை விட்டுச்சா?’

இதை இங்கிலீஷில் சொல்லும்போது ‘விட்டது’ என்பதை நினைத்து ‘ரெய்ன் லெஃப்ட்’ என்று எழுதியவர்கள் உண்டு. மழை மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனது போல இருக்கிறது. ‘த ரெய்ன் ஸ்டாப்ட்’ சரி. ‘இட் ஸ்டாப்ட் ரெய்னிங்’ இன்னும் இயல்பு. இதில் ‘இட்’ யார் என்று கேட்காதீர்கள், யாரும் இல்லை. இங்கிலீஷ் வாக்கியத்துக்கு முன்னால் ஒரு எழுவாய் உட்கார வேண்டும், அதற்காகப் போட்ட துண்டு அது.

சரி, தண்ணீர் தெருவுக்கு வந்துவிட்டது. வாசலில் மணல் மூட்டை அடுக்குகிறோம். தண்ணீர் வீட்டுக்குள் வராமல் தடுத்தோம் என்பதை எப்படிச் சொல்வது? ‘வி ஸ்டாப்ட் த வாட்டர் டு என்டர்’ என்றுதான் முக்கால்வாசிப் பேர் ஆரம்பிப்பார்கள். மறுபடியும் அந்த ‘டு’. ‘வி ஸ்டாப்ட் த வாட்டர் ஃப்ரம் என்டரிங் த ஹவுஸ்’ என்பது சரி. ஆளையோ பொருளையோ தடுக்கும்போது இதுதான் வார்ப்பு: ஸ்டாப், தடுக்கப்படுவது, ஃப்ரம், அப்புறம் ‘இங்’ வால் உள்ள வினை. தம்பியை வெளியே போகவிடாமல் தடுத்தீர்களா? ‘ஐ ஸ்டாப்ட் ஹிம் ஃப்ரம் கோயிங் அவுட்.’ அந்த ‘ஃப்ரம்’ தமிழில் ‘விடாமல்’ செய்கிற வேலையைச் செய்கிறது.

இங்கேதான் ‘பிரிவென்ட்’ என்ற இன்னொரு சொல்லும் வந்து நிற்கும். இரண்டும் ஒன்றா? வாசலில் மணல் மூட்டை அடுக்கியபோது தண்ணீர் இன்னும் உள்ளே வரவில்லை. வருமுன் தடுத்தீர்கள், இதற்கு ‘பிரிவென்ட்’ போடலாம், ‘ஸ்டாப்’பும் போடலாம். ஆனால் கதவிடுக்கில் தண்ணீர் கசிய ஆரம்பித்து, பழைய துணியைத் திணித்து அடைத்தீர்கள் என்றால் அங்கே ‘ஸ்டாப்’ மட்டும்தான். ஓட ஆரம்பித்ததை ‘பிரிவென்ட்’ செய்ய முடியாது. விரலில் அரிவாள்மனை பட்டு ரத்தம் வடிகிறது என்றால் ‘ஸ்டாப் த பிளீடிங்’. அந்த நேரத்தில் ‘பிரிவென்ட் த பிளீடிங்’ என்று கத்தினால், காலம் கடந்துவிட்டது.

நம்ம ‘நிறுத்து’ போகிற இடமெல்லாம் ‘ஸ்டாப்’ வராது

இதுவரை சொன்னது ‘ஸ்டாப்’பின் பக்கத்துச் சிக்கல். தமிழ்ப் பக்கத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘நிறுத்து’ நமக்குச் செய்கிற வேலை ரொம்பப் பெரிது.

“வண்டிய எங்க நிறுத்தின?” என்று கேட்கிறோம். இதை ‘வேர் டிட் யூ ஸ்டாப் த பைக்?’ என்றால், வழியில் எந்த இடத்தில் பிரேக் பிடித்தாய் என்று ஆகும். விட்டுவிட்டு வந்த இடத்தைக் கேட்க ‘பார்க்’தான் வேண்டும். “ஃபேன நிறுத்து” என்றால் ‘ஸ்டாப் த ஃபேன்’ இல்லை, ‘ஸ்விட்ச் ஆஃப்’ அல்லது ‘டர்ன் ஆஃப்’. ஃபேனைக் கையால் பிடித்து நிறுத்தப் போவதில்லையே. ‘ஆஃப் த ஃபேன்’ என்று சொல்கிறவர்களை நான் திருத்துவதை விட்டுவிட்டேன். நம் ஊரில் அது ஒரு வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது.

தேர்தல் வந்தால் இன்னும் விசேஷம். “இந்தத் தொகுதியில புது ஆள நிறுத்தியிருக்காங்க.” இதை அப்படியே மாற்றினால் கட்சி அந்த ஆளைப் போட்டியிடவிடாமல் தடுத்துவிட்டது என்று தலைகீழாகிவிடும். நாம் சொன்னது அவரைக் களத்தில் நிற்க வைத்ததை. இங்கிலீஷில் அதற்கு ‘ஃபீல்ட்’ என்று வேறு சொல் இருக்கிறது. மீன் மார்க்கெட்டில் “ரெண்டு கிலோ நிறுத்துக் குடுங்கக்கா” என்று கேட்கிறோமே, அது வேறு வேலை. ‘நிறு’ என்றால் எடை போடு. பார்ப்பதற்கு ஒரே உருவம், அர்த்தம் வேறு.

இவற்றிலெல்லாம் வாக்கியம் கோணலானாலும் ஆள் தப்பித்துவிடலாம். இன்டர்வியூவில் அப்படி இல்லை. என்னிடம் படித்த ஒருவர் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனார். பழைய வேலை என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார்கள். தமிழில் நாம் ‘வேலையை விட்டு நின்னுட்டேன்’ என்போம். அவர் அதையே ‘ஐ ஸ்டாப்ட் ஃப்ரம் த கம்பெனி’ என்று சொல்லியிருக்கிறார். எதிரே இருந்தவர் வடநாட்டுக்காரர். யாரோ இவரை எதையோ செய்யவிடாமல் தடுத்தார்கள் என்று அவர் புரிந்துகொண்டு, ‘ஸ்டாப்ட் ஃப்ரம் டூயிங் வாட்?’ என்று கேட்டுவிட்டார். அதற்குமேல் இவருக்கு வாய் எழும்பவில்லை.

நாமே வேலையை விட்டால் ‘ஐ லெஃப்ட் த ஜாப்’ என்பது மரியாதையான சொல். ‘ஐ குவிட்’ என்பதில் கொஞ்சம் வெடுக்கென்று கிளம்பிய தொனி இருக்கும். கம்பெனி ஆள்குறைப்பு செய்து வேலையிலிருந்து நிறுத்திவிட்டால் ‘ஐ வாஸ் லெய்ட் ஆஃப்’. பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டால் ‘டிராப்ட் அவுட்’. ஒரு இடத்திலும் ‘ஸ்டாப்’ இல்லை.

அக்கம்பக்கத்துச் சொற்கள்

‘குவிட்’ பழக்கத்துக்கும் வேலைக்கும் பொருந்தும்; ‘குவிட் ஸ்மோக்கிங்’ என்றால் இனித் தொடமாட்டேன் என்ற தீர்மானம் தெரியும். வீடியோ பார்க்கும்போது அமுக்குகிறோமே, அந்த ‘பாஸ்’ கொஞ்ச நேர நிறுத்தம், திரும்ப ஓடும். ‘சீஸ்’ காகிதத்தில் எழுதுகிற சொல். ‘சீஸ்ஃபயர்’ என்றால் போர்நிறுத்தம். வீட்டில் பிள்ளையைப் பார்த்து ‘சீஸ்’ என்று சொன்னால் போட்டோ எடுக்கப் போகிறோம் என்று பல்லைக் காட்டும். ‘ஹால்ட்’ நமக்குப் பழக்கமானதுதான்: இரவு கிராமத்தில் தங்கி விடிகாலையில் கிளம்பும் பஸ்ஸை நைட் ஹால்ட் பஸ் என்கிறோம். ‘டிஸ்கன்டினியூ’ தொடர்ந்து நடந்துவந்த சேவைக்கு. 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்தி சேவையை நிறுத்தினார்களே, அதற்கு அந்தச் சொல் பொருந்தும். தந்தியில் முற்றுப்புள்ளிக்குப் பதிலாக ‘ஸ்டாப்’ என்றே எழுதும் வழக்கம் இருந்தது என்பது கொசுறு.

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்கள் பாக்கியசாலிகள். அந்த மொழியில் நிறுத்துவது ‘அரெத்தே’. எதை நிறுத்தினோம் என்பதற்கு முன்னால் ‘து’ வரும், எதற்காக நின்றோம் என்பதற்கு முன்னால் ‘பூர்’ வரும். முள்ளோடைக்காரர்கள் இருவருக்கும் தனித்தனியாகச் சொல் தயார், குழம்ப வழியில்லை. இங்கிலீஷின் ‘அரெஸ்ட்’ பழைய பிரெஞ்சில் இதே குடும்பத்திலிருந்து வந்ததுதான். போலீஸ் அரெஸ்ட் செய்வது ஆளை நிறுத்திவைப்பது. ‘கார்டியாக் அரெஸ்ட்’ என்றால் இதயம் நின்றுவிட்டது. இதயத்தை யாரும் கைது செய்யவில்லை. இவ்வளவு இருந்தும் பிரான்சில் சாலையோரச் சிவப்புப் பலகையில் எழுதியிருப்பது என்னவோ ‘ஸ்டாப்’தான்.

அந்தப் பெண்ணை நான் அன்றைக்கு எல்லோர் முன்னாலும் திருத்தவில்லை. வகுப்பு முடிந்தபின் முள்ளோடைக் கதையைத் தனியாகச் சொன்னேன். முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள், பிறகு ரொம்ப நேரம் சிரித்தாள். அடுத்த வாரம் திருத்திய வாக்கியத்தோடு கூடவே இன்னொன்றும் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்: “மை ஃபாதர் ஸ்டாப்ட் டிரிங்கிங் லாஸ்ட் இயர். எஸ்டர்டே ஹி ஸ்டாப்ட் அட் பண்ருட்டி டு பை அ ஜாக்ஃப்ரூட்.” பலாப்பழத்தை அறுக்க வீட்டில் யாருக்கும் பொறுமையில்லையாம், பாதியை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.